டிஜிஎஃப்-பீட்டா1 வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா1 (TGF-β1, செல்களின் வளர்ச்சியையும் உருவத்தையும் மாற்றும் சைகைப் புரதம்) கொடுத்து மூன்று நாள் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதலில் எழும் சந்தேகம் "புரதம் செத்துப்போயிருக்கும்" என்பதுதான். பெரும்பாலும் அது தவறான சந்தேகம். முதிர்ந்த டிஜிஎஃப்-பீட்டா1 அவ்வளவு சுலபமாகச் சாகாது. 112 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு ஒரே மாதிரியான சங்கிலிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்பது சிஸ்டைன்கள். அவற்றில் எட்டு தமக்குள்ளேயே நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளாக இறுகிக்கொள்ள, ஒன்பதாவது எதிர்ச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. இந்த இறுக்கத்தால் அது கடும் அமிலத்தையும் 80 டிகிரி சூட்டையும் சில நிமிடங்களுக்குத் தாங்கும்.

அதன் உண்மையான பலவீனம் ஒட்டிக்கொள்ளும் குணம். நடுநிலை பிஎச்சில் சரியாகக் கரையாது. பிளாஸ்டிக், கண்ணாடி, வடிகட்டிச் சவ்வு என்று எதன்மேல் பட்டாலும் படிந்துவிடும். மில்லிகிராம் கணக்கில் புழங்கும் புரதத்தில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. இங்கே நாம் புழங்குவது நானோகிராம். ட்யூப் சுவர் தின்றது போக மிச்சம்தான் செல்லுக்குப் போகிறது. அதனால் "செத்துவிட்டதா" என்று கேட்கும் முன் "எங்கே போயிற்று" என்று கேளுங்கள். கீழே வரும் பிழைகளில் பாதிக்கும் மேல் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

மூன்று நாள் சோதனையை மறுபடியும் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். டிஜிஎஃப்-பீட்டா1 முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள இரண்டாம் வகை ஏற்பியில் (ரிசப்டர்) அமர்கிறது. அது முதலாம் வகை ஏற்பியான ஏஎல்கே5-ஐ அழைத்துச் சேர்த்துப் பாஸ்பேட் ஏற்றுகிறது. ஏஎல்கே5, சைகையைக் கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்மேட்2, ஸ்மேட்3 புரதங்கள் இரண்டின் வால்முனையிலுள்ள செரைன்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. இதெல்லாம் 30 முதல் 60 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே புரதம் உயிரோடிருக்கிறதா என்று அறிய ஒரு மணி நேரமும் ஒரு வெஸ்டர்னும் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) போதும்.

நன்றாகப் பதிலளிக்கும் செல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாகாட் தோல் செல் இதற்கு மிகவும் நம்பகமானது. ஏ549 நுரையீரல் செல்லும் பரவாயில்லை. ஆறு குழித் தட்டில் 70 முதல் 80 சதவீதம் நிரம்பியதும், செரம் (இரத்தத் தெளிநீர்) இல்லாத மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) ஓர் இரவு வையுங்கள். மறுநாள் காலை நான்கு குழிகள்:

முதல் குழியில் கரைப்பான் மட்டும். அதாவது புரதம் கரைத்த அதே அமில–பிஎஸ்ஏ கரைசல், அதே அளவு (பிஎஸ்ஏ என்பது மாட்டுச் செரத்தின் அல்புமின் புரதம்; செய்முறை கீழே வருகிறது). இரண்டாவதில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா1. மூன்றாவதில் அதே 5 நானோகிராம். ஆனால் அரை மணி நேரம் முன்பே 10 மைக்ரோமோலார் எஸ்பி-431542 போட்டிருக்க வேண்டும். இது ஏஎல்கே5-ஐ அடைக்கும் சிறு மூலக்கூறு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலாராகக் கரைத்து ஆயிரத்தில் ஒன்றாகச் சேர்த்தால் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம் வரும், அந்த 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ மற்ற மூன்று குழிகளிலும் இருக்க வேண்டும். நான்காவதில் வேறொரு குப்பியிலிருந்தோ வேறொரு லாட்டிலிருந்தோ (தயாரிப்புத் தொகுதி) அதே 5 நானோகிராம்.

60 நிமிடம் முடிந்ததும் ஐஸ் போல் குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (நடுநிலையான பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஒரு முறை கழுவி, 150 மைக்ரோலிட்டர் சூடான லேம்லி பஃபரை (புரதத்தை ஜெல்லுக்குத் தயாராக்கும் கரைசல்) நேராகக் குழியிலேயே ஊற்றிச் சுரண்டி எடுங்கள். 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, மெல்லிய ஊசியில் பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள், அல்லது சோனிகேட் செய்யுங்கள் (ஒலியலையால் உடைப்பது). பாஸ்பேட் ஏறிய ஸ்மேட்கள் அந்த நேரத்தில் கருவுக்குள் டிஎன்ஏவோடு உட்கார்ந்திருக்கும். மென்மையான டிடர்ஜென்ட் பஃபரில் கரைத்து மையவிலக்கினால், நீங்கள் தேடும் பொருள் வண்டலோடு குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

இனி வெஸ்டர்னில் பேண்டைப் (புரதம் இருக்குமிடத்தைக் காட்டும் பட்டை) படியுங்கள். பாஸ்போ-ஸ்மேட்2 சுமார் 60 கிலோடால்டனில் வரும், பாஸ்போ-ஸ்மேட்3 சுமார் 52-இல். இரண்டாம் குழியில் பேண்ட் வந்து, மூன்றாம் குழியில் மறைந்திருந்தால் புரதமும் நலம், ஏற்பியும் நலம். பிழை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. நான்காம் குழியில் மட்டும் வந்தால் உங்கள் குப்பிதான் பிழை. நான்கிலும் வந்திருந்தால் மூன்றாவதையும் சந்தேகியுங்கள்: எஸ்பி-431542 பழசாகியிருக்கலாம், அல்லது ஆன்டிபாடி பாஸ்பேட் இல்லாத ஸ்மேட்டையும் பிடித்திருக்கலாம். எதிலுமே வரவில்லை என்றால் புரதத்தைக் குறை சொல்லும் முன் வெஸ்டர்னைச் சோதியுங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

அறிகுறி: குப்பியில் ஒன்றுமே தெரியவில்லை

இது பிழையே இல்லை. 2 மைக்ரோகிராமோ 10 மைக்ரோகிராமோ உறையுலர்த்திய புரதம் கண்ணுக்குத் தெரியாது. கேரியர் (துணைக்குச் சேர்க்கும் பிஎஸ்ஏ) சேர்த்த குப்பி என்றால் வெண்மையான மெல்லிய படலம் தெரியலாம். கேரியர் இல்லாதது வெறும் கண்ணாடி போலவே இருக்கும். பயணத்தில் குலுங்கி மூடிப்பக்கம் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு என்பதால், திறக்கும் முன் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு அரை நிமிடம் மையவிலக்கியில் சுழற்றுங்கள். குளிர்ந்த குப்பியை அப்படியே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும்.

அறிகுறி: கரைத்ததும் கலங்கல், நூல் போன்ற துகள்கள், அல்லது தெளிவாக இருந்தும் வேலை செய்யவில்லை

பிபிஎஸ்ஸில் கரைத்தீர்களா என்று முதலில் கேளுங்கள். பழக்கதோஷத்தில் பலரும் செய்வது இதைத்தான். மற்ற சைட்டோகைன்கள் (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்கள்) பெரும்பாலும் பிபிஎஸ்ஸில் கரையும், இது கரையாது. நடுநிலையில் இது ஒன்றோடொன்று திரண்டு சுவரில் ஒட்டும். கலங்கல் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். மைக்ரோகிராம் அளவில் பெரும்பாலும் தெரியவே தெரியாது; கரைசல் பளிங்கு போல் இருக்கும், புரதம் மட்டும் சுவரில் இருக்கும்.

சரியான கரைப்பான் 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ. செய்முறை: 37 சதவீத அடர் அமிலம் சுமார் 12 மோலார். 11 மில்லி தண்ணீரில் 1 மில்லி அடர் அமிலத்தை மெதுவாகச் சேர்த்தால் சுமார் 1 மோலார் கிடைக்கும் (அமிலத்தைத் தண்ணீரில்தான் விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது). அதில் 40 மைக்ரோலிட்டரை எடுத்து 9.96 மில்லி தண்ணீரில் சேர்த்தால் 10 மில்லி 4 மில்லிமோலார் அமிலம். இதில் 10 மில்லிகிராம் பிஎஸ்ஏ தூளை நேரடியாகக் கரையுங்கள். கையில் பிபிஎஸ்ஸில் கரைத்த பிஎஸ்ஏ ஸ்டாக் (அடர்ந்த மூலக் கரைசல்) இருக்கிறதே என்று அதை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள பாஸ்பேட் இந்தச் சொற்ப அமிலத்தை விழுங்கிவிடும். பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 3-ஐத் தாண்டக் கூடாது. வடிகட்டுவதாக இருந்தால் இந்த நிலையிலேயே 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். புரதம் சேர்ந்த பின் ஒருபோதும் வடிகட்டாதீர்கள். ஸ்டெரைல் ஆக்குகிறோம் என்று நினைத்து மொத்தப் புரதத்தையும் சவ்வில் விட்டுவிடுவது இப்படித்தான்.

10 மைக்ரோகிராம் குப்பிக்கு 500 மைக்ரோலிட்டர் ஊற்றினால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஸ்டாக். உள்சுவர் முழுக்க நனையும்படி குப்பியை மெல்லச் சாய்த்துச் சுழற்றி, அறை வெப்பநிலையில் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். வார்டெக்ஸ் (வேகமாக அதிர்த்துக் கலக்கும் கருவி) வேண்டாம். நுரை வந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு பெருகும். ஒட்டும் குணமுள்ள புரதம் அங்கேயும் போய் உட்காரும்.

ஏற்கெனவே பிபிஎஸ்ஸில் கரைத்துவிட்டால்? அந்த ட்யூபை எறிய வேண்டாம், வேறு ட்யூபுக்கு மாற்றவும் வேண்டாம். அதிலேயே, 500 மைக்ரோலிட்டருக்குச் சுமார் 8 மைக்ரோலிட்டர் 1 மோலார் அமிலம் சேர்த்துப் பிஎச்சை 2.5 பக்கம் இறக்கி, பிஎஸ்ஏவும் சேர்த்து 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு பகுதி திரும்பக் கரையும். ஆனால் செறிவு எவ்வளவு என்று சொல்ல முடியாது. முன்னோட்டத்துக்குப் பயன்படுத்தலாம், முடிவு எழுதும் சோதனைக்கு வேண்டாம்.

அறிகுறி: முதல் வாரம் நன்றாக வேலை செய்தது, பிறகு படிப்படியாக மங்குகிறது

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஒரே ட்யூபை உருக்கி உறைய வைத்து, மறுபடி உருக்கிக்கொண்டிருக்கிறீர்களா? 10 முதல் 20 மைக்ரோலிட்டராகப் புரதம் ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் ட்யூப்களில் பிரித்து ஒரே முறை உறைய வையுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் துளியின் அளவோடு ஒப்பிட சுவரின் பரப்பு கூடிப்போகும்; 2 மைக்ரோலிட்டர் அலிகோட் (பிரித்து வைத்த சிறு பங்கு) என்பது பாதுகாப்பல்ல, இழப்பு.

இரண்டாவது, ஃப்ரீசர். தானாகப் பனி உருக்கிக்கொள்ளும் வீட்டு வகை ஃப்ரீசர் ஒவ்வொரு சுழற்சியிலும் சூடேறி இறங்கும். நீங்கள் ட்யூபைத் தொடாமலேயே அது பல முறை உருகி உறைந்திருக்கும். மைனஸ் 80 இருந்தால் அங்கே வையுங்கள். உருக்கிய அலிகோட்டைத் திரும்ப உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்து, குப்பியோடு வந்த தாள் சொல்லும் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். அமிலமும் பிஎஸ்ஏவும் இருக்கும்வரை 4 டிகிரி இந்தப் புரதத்துக்கு உறையவைத்து உருக்குவதைவிடச் சாதுவான இடம்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. மீடியத்தில் நீர்த்த வேலைக் கரைசலைச் சிலர் திங்கட்கிழமை செய்து வெள்ளிவரை வைத்துக்கொள்கிறார்கள். மீடியம் நடுநிலை. மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்ற நீர்த்த நிலையில், பிஎஸ்ஏ இல்லாமல், நான்கு நாளில் அதில் என்ன மிச்சமிருக்கும்? நீர்த்த கரைசலை அன்றைக்கே செய்து அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

அறிகுறி: ஒரே அளவு போட்டும் குழிக்குக் குழி, தட்டுக்குத் தட்டு வேறு வேறு பதில்

மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஸ்டாக்கிலிருந்து 5 நானோகிராமுக்குப் போவதென்றால் 4000 மடங்கு நீர்த்தல். 2 மில்லி குழிக்கு 0.5 மைக்ரோலிட்டர்! எந்தப் பிப்பெட்டும் அதைச் சரியாக எடுக்காது. டிப்பின் வெளிச்சுவரில் ஒட்டிய துளியே அதைவிடப் பெரிதாக இருக்கும். நடுவில் ஒரு படி வையுங்கள்: 5 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை, 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேர்த்த 95 மைக்ரோலிட்டர் மீடியத்தில் விட்டால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதில் 10 மைக்ரோலிட்டர், 2 மில்லி குழிக்கு. இதிலும் நல்லது, எல்லாக் குழிகளுக்கும் தேவையான மீடியத்தில் மொத்தமாகக் கலந்து குழிக்கு 2 மில்லி ஊற்றுவது. மூலையில் விட்ட துளி பரவாமல் ஓரிடத்துச் செல்கள் மட்டும் அனுபவிக்கும் கோளாறு அப்போது வராது. முதல் முறை திரவம் எடுக்கும் முன் டிப்பை அதே கரைசலில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிச் சுவரைப் பழக்கிவிடுங்கள்.

இது தவிர, உண்மையான உயிரியல் காரணம் ஒன்றும் உண்டு: இந்தப் புரதத்துக்குச் செறிவு மட்டும் கணக்கல்ல, ஒரு செல்லுக்கு எத்தனை மூலக்கூறு என்பதும் கணக்கு. செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவை ஏற்பியோடு உள்ளே இழுத்து அழித்துக்கொண்டே இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மில்லியில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்றால் மொத்தம் 10 நானோகிராம். 25 கிலோடால்டன் மூலக்கூறு என்பதால் அது சுமார் 24,000 கோடி மூலக்கூறு. பத்து லட்சம் செல்லுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். தாராளம். அதையே 96 குழித் தட்டில், 100 மைக்ரோலிட்டரில், மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமாகக் கொடுத்தால், 20,000 செல்களுக்கு ஆளுக்கு 12,000 மூலக்கூறுதான். சில மணி நேரத்தில் செல்களே மீடியத்தைத் துடைத்துவிடக்கூடும். குறைந்த அளவில் மட்டும் சிதறல் அதிகம் என்றால், செல் எண்ணிக்கையைச் சரியாக எண்ணிப் போடுகிறீர்களா என்று பாருங்கள். கட்டுரையில் எழுதும்போதும் செறிவோடு செல் எண்ணிக்கை, மீடியத்தின் கனஅளவு இரண்டையும் எழுதுங்கள்; அவை இல்லாமல் இன்னொருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

அறிகுறி: பாஸ்போ-ஸ்மேட் பேண்ட் எதிலும் வரவில்லை

லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) என்ன பாஸ்பேட்டேஸ் தடுப்பான் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைத் தடுப்பது) போட்டீர்கள்? சோடியம் ஆர்த்தோவனடேட் மட்டும் என்றால் அதுவே பிழை. வனடேட் டைரோசின் பாஸ்பேட்டேஸ்களைத் தடுக்கும். ஸ்மேட்டின் பாஸ்பேட் செரைனில் இருக்கிறது. சோடியம் ஃப்ளோரைடு, பீட்டா-கிளிசரோபாஸ்பேட் இரண்டும் வேண்டும். சூடான லேம்லியில் நேராகக் கரைத்தால் இந்தக் கவலையே இல்லை.

அடுத்து ஆன்டிபாடி. ஸ்மேட்2-இல் செரைன் 465, 467. ஸ்மேட்3-இல் செரைன் 423, 425. வால்முனையின் இந்த இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் வேண்டும். ஸ்மேட்டின் நடுப்பகுதியிலும் பாஸ்பேட் ஏறும் இடங்கள் உண்டு. அவற்றை மற்ற கைனேஸ்களும் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) தொடும். அதற்கான ஆன்டிபாடியை வாங்கிவிட்டு டிஜிஎஃப்-பீட்டாவைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். வெஸ்டர்ன் சவ்வின் வெற்றிடங்களைப் பிளாக் செய்யப் (மூட) பாலைவிட டிபிஎஸ்-ட்வீனில் 5 சதவீதம் பிஎஸ்ஏ நல்லது. பால் கேசினே பாஸ்போ புரதம். மொத்த ஸ்மேட்2-ஐயும் பார்த்துவிட்டுத்தான் "வரவில்லை" என்று முடிவு கட்டுங்கள்.

வெஸ்டர்ன் சரி, ஹாகாட்டில் பேண்ட் வருகிறது, உங்கள் செல்லில் மட்டும் வரவில்லை என்றால் செல்லையே விசாரியுங்கள். ஹெச்சிடி116 குடல் புற்றுச் செல்லில் இரண்டாம் வகை ஏற்பியின் மரபணுவில், பத்து அடினைன் வரிசையாக வரும் இடத்தில் எழுத்துப் பிசகி, ஏற்பியே உருப்படியாக உருவாவதில்லை. எத்தனை நானோகிராம் கொட்டினாலும் அந்தச் செல் கேட்காது.

அறிகுறி: பாஸ்போ-ஸ்மேட் வருகிறது, ஆனால் செல் மாறவில்லை

பிஎக்ஸ்பிசி-3 கணையச் செல்லிலும் எம்டிஏ-எம்பி-468 மார்பகச் செல்லிலும் ஸ்மேட்4 மரபணுவே இல்லை. ஸ்மேட்2-இல் பாஸ்பேட் அழகாக ஏறும். ஆனால் கருவுக்குள் போய் மரபணுக்களைத் தட்டி எழுப்பத் துணையில்லை. உங்கள் செல்லின் ஸ்மேட்4 நிலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்மேட்4 இருந்தால், இடைப்பட்ட ஒரு படியைச் சோதியுங்கள். ஸ்மேட்7 மரபணுவின் ஆர்என்ஏ ஒன்றிரண்டு மணி நேரத்திலும், பிஏஐ-1 புரதத்தைத் தரும் செர்பைன்1 மரபணுவின் ஆர்என்ஏ நான்கு மணி நேரத்துக்குள்ளும் ஏற வேண்டும். இவை ஏறியும் செல்லின் உருவம் மாறவில்லை என்றால் பிழை நேரத்திலோ நெருக்கத்திலோ இருக்கிறது. ஏ549 செல் எபிதீலிய உருவம் விட்டு நீண்டு மெலிய 5 நானோகிராமில் 48 முதல் 72 மணி நேரம் ஆகும். 24 மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். முதல் நாள் 30 முதல் 40 சதவீதம் மட்டும் நிரம்பியிருக்கட்டும். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செல்கள், அவற்றை ஒட்டவைக்கும் இ-கேதரின் புரதத்தின் பிடியை எளிதில் விடுவதில்லை. 48 மணி நேரத்துக்கு ஒரு முறை புது மீடியமும் புது டிஜிஎஃப்-பீட்டாவும் கொடுங்கள். முன்னர் சொன்னபடி செல்கள் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன.

ஃபைப்ரோபிளாஸ்டில் (இணைப்புத் திசு செல்) ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டின் பார்ப்பவர்களுக்குத் தலைகீழான தொல்லை: கன்ட்ரோலே ஏற்கெனவே ஏறியிருக்கும். கடினமான பிளாஸ்டிக்கில் பல பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் சுற்று) வளர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட், டிஜிஎஃப்-பீட்டா இல்லாமலேயே பாதி மயோஃபைப்ரோபிளாஸ்ட் (அந்த ஆக்டினைச் செய்யும், சுருங்கும் வகை) ஆகிவிடும். ஆரம்பப் பாசேஜ் செல்லுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: கன்ட்ரோலிலேயே சிக்னல்

குற்றவாளி பெரும்பாலும் செரம். முதிர்ந்த மனித டிஜிஎஃப்-பீட்டா1-உம் மாட்டினுடையதும் அமினோ அமில வரிசையில் ஒன்றேதான். கன்றுக்குட்டிச் செரத்தில் அது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் உறங்கும் (இன்னும் செயல்படாத) வடிவில். அதே செரத்திலுள்ள ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் நீங்கள் போட்ட புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். அதாவது செரம் கன்ட்ரோலை உயர்த்தும், டோசைத் தாழ்த்தும். இரண்டு பக்கமும் அடி. செரம் இல்லாமலோ 0.5 சதவீதத்திலோ ஓர் இரவு வைத்துத் தொடங்குங்கள்.

அப்படியும் கன்ட்ரோல் உயர்ந்தே இருந்தால், செல்லே டிஜிஎஃப்-பீட்டா சுரக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் குழிக்கு மட்டும் எஸ்பி-431542 கொடுங்கள். அடித்தளச் சிக்னல் விழுந்தால் செல்லின் சொந்தச் சுரப்போ செரத்தின் மிச்சமோ. ஒரு எச்சரிக்கை: இந்தத் தடுப்பான் ஏஎல்கே4, ஏஎல்கே7 இரண்டையும் அடைக்கும். அவற்றின் வழியே வேலை செய்யும் ஆக்டிவின் என்ற புரதத்தைச் சுரக்கும் செல்லிலும் சிக்னல் விழும் என்பதால் இதை மட்டும் வைத்து "டிஜிஎஃப்-பீட்டா" என்று எழுதிவிடாதீர்கள். டிஜிஎஃப்-பீட்டாவை நேரடியாகப் பிடிக்கும் நடுநிலையாக்கும் ஆன்டிபாடி கொண்டு உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: எலிசா (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) எண் பொருந்தவில்லை

செல்கள் டிஜிஎஃப்-பீட்டா1-ஐ 390 அமினோ அமில முன்வடிவமாகச் செய்கின்றன. ஃபியூரின் நொதி அதை நறுக்கிய பிறகும், முன்பகுதி முதிர்ந்த பகுதியை விட்டுப் போகாமல் உறை போல் மூடிக்கொண்டே வெளியேறுகிறது. அந்த உறங்கும் வடிவத்தைப் பெரும்பாலான எலிசாக்கள் பார்ப்பதில்லை. ஆகவே செல் சுரந்த டிஜிஎஃப்-பீட்டாவை அளக்க, அமிலத்தால் உறையைக் கழற்ற வேண்டும்: 100 மைக்ரோலிட்டர் மீடியத்துக்கு 20 மைக்ரோலிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அறை வெப்பநிலையில் 10 நிமிடம், பிறகு 0.5 மோலார் ஹெப்பஸ் சேர்த்த 1.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மைக்ரோலிட்டர். உடனே அளக்க வேண்டும். கனஅளவு 100-லிருந்து 140 ஆகிவிட்டதால் விடையை 1.4-ஆல் பெருக்குங்கள், மறந்தால் எல்லா எண்களும் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாக இருக்கும். செல்லே இல்லாத வெறும் மீடியத்தையும் இதேபோல் அமிலமிட்டு அளந்து கழியுங்கள், செரத்தில் இருப்பது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

நீங்கள் குப்பியிலிருந்து போட்ட புரதம் ஏற்கெனவே முதிர்ந்தது. அதற்கு அமிலம் வேண்டாம். 5 நானோகிராம் போட்டு 2 வாசித்தால், தட்டுச் சுவரையும் செல்லையும் கேளுங்கள்.

அறிகுறி: ஜெல்லில் தவறான இடத்தில் பேண்ட்

ஒடுக்கி (டைசல்ஃபைடு பிணைப்பை அறுக்கும் பொருள்) சேர்க்காமல் ஓட்டினால் 25 கிலோடால்டன். டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ சேர்த்தால் 12.5. ஒடுக்கிய பிறகும் 25-இல் நின்றால் ஒடுக்கி பழசு அல்லது சூடு போதவில்லை. 66 பக்கம் தடித்த பேண்ட் மட்டும் தெரிந்தால் அது பிஎஸ்ஏ. கேரியர் சேர்த்த குப்பிகளில் 1 மைக்ரோகிராம் புரதத்துக்கு 50 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ சேர்ப்பது வழக்கம். அதில் தூய்மை பார்ப்பது வீண். தூய்மை பார்க்கவும் லேபிள் ஒட்டவும் மணியில் பிணைக்கவும் கேரியர் இல்லாததையே வாங்க வேண்டும். ஒடுக்கிய ஜெல்லில் 12.5 உடன் 40 பக்கமும் ஒன்று வந்தால், குப்பியின் பெயரைத் திரும்பப் படியுங்கள். முதிர்ந்ததற்குப் பதில் உறங்கும் வடிவத்தை வாங்கியிருக்கிறீர்கள். அமிலமிடாமல் அது ஏற்பியைத் தொடாது.

அறிகுறி: செல்கள் சாகின்றன

எபிதீலிய செல் பலவற்றில் டிஜிஎஃப்-பீட்டா வளர்ச்சியை நிறுத்துவதும், சிலவற்றில் சாகடிப்பதும் அதன் இயல்பான வேலையே. மிங்க் நுரையீரல் செல்லான எம்வி1எல்யுவின் வளர்ச்சி நிற்பதை வைத்தும் இதன் வீரியத்தை அளக்கிறார்கள். எஸ்பி-431542 போட்டால் பிழைக்கிறதா? பிழைத்தால் அது சிக்னலின் விளைவு. கரைப்பான் குழியிலும் சாகின்றன என்றால் ஸ்டாக்கை நீர்க்காமல் அதிகமாக ஊற்றியிருக்கிறீர்கள். மேக்ரோபேஜ் போன்ற செல்களில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் குப்பித் தாளில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவைப் பாருங்கள்.

அறிகுறி: லாட் மாறியதும் எல்லாம் மாறிவிட்டது

பழைய லாட்டில் ஓர் அலிகோட்டையாவது எப்போதும் மிச்சம் வையுங்கள். புது லாட் வந்ததும் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே நாளில், மில்லிலிட்டருக்கு 0, 0.05, 0.2, 1, 5, 10 நானோகிராம் என்று ஓட்டுங்கள். 5-இல் மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பெரும்பாலான செல்களுக்கு 5 நானோகிராம் தேவைக்கு மிக மேலே. பத்தில் ஒன்பது பங்கு இழந்த ஸ்டாக்கில் 5 என்று போட்டது உண்மையில் 0.5, அதற்கே நல்ல பேண்ட் வந்துவிடும். இழப்பு தெரிவது வளைவின் கீழ்ப்பகுதியில். புது லாட்டின் வளைவு பத்து மடங்கு வலப்பக்கம் நகர்ந்திருந்தால், குப்பியைத் திருப்பி அனுப்பும் முன் அதை யார், எதில், எப்போது கரைத்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள்.

மூடியில் லாட் எண், கரைத்த தேதி, கரைப்பான், எத்தனாவது உருக்கம் ஆகிய நான்கையும் எழுதி வைத்திருந்தால் அந்தப் பதில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.